கடைமடைக்கு மருந்து போய்ச் சேர்கிறதா? ஆரம்ப சுகாதார நிலையத்தை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது செய்தித்தாளில் வரும். காவிரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில், தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருப்பவர் கேட்பது வேறு: எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்துச்சா? ஆரம்ப சுகாதார நிலையத்தை அளப்பதிலும் இதே இரண்டு கணக்குகள் உண்டு. எத்தனை புறநோயாளிகள் வந்தார்கள், எத்தனை மாத்திரை கொடுத்தோம், எத்தனை முகாம் நடத்தினோம் என்பது அணையில் திறந்த கணக்கு. தேவைப்பட்டவர்களில் எத்தனை பேருக்குப் போய்ச் சேரவில்லை என்பது கடைமடைக் கணக்கு. மாத அறிக்கைகளில் முதலாவது பக்கம் பக்கமாகக் கிடைக்கும். இரண்டாவதை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரே ஒரு சான்று. தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த, தொற்றா நோய்களை அளக்கும் ஸ்டெப்ஸ் ஆய்வில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் சொச்சம். சர்க்கரை நோயில் அது பதினொன்றை எட்டவில்லை. ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் (பி.எச்.சி.), மருந்துக்கென்றே 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இவ்வளவும் இருக்கும் மாநிலத்தில் நிலைமை இது. 2021 ஆகஸ்டில், வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதற்கு இந்த எண்களும் ஒரு காரணம்.

இந்த வழிகாட்டி புதிதாகப் பொறுப்பேற்ற மருத்துவ அலுவலருக்கும், வட்டார அளவில் புள்ளிவிவரம் பார்ப்பவருக்கும், கிராம சுகாதார செவிலியருக்கும், அக்கறையுள்ள ஊராட்சி உறுப்பினருக்கும் உதவும். கணினி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கட்டம் போட்ட நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: கீழ் எண்ணைப் பிடியுங்கள்

எந்தச் சதவீதத்துக்கும் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேல் எண் பதிவேட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம். பாடு எல்லாம் கீழ் எண்ணில்தான்.

சமவெளியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர், ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது தேசிய அளவுகோல். உங்கள் நிலையத்துக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஓட்டுவது அதைவிட மோசம். அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டன. ஆண்கள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். குடும்ப அட்டையில் ஐந்து பேர், வீட்டில் இருப்பது இரண்டு முதியவர்கள் என்பது டெல்டாவில் சர்வசாதாரணம்.

ஆகவே செவிலியரின் குடும்பப் பதிவேடு, அங்கன்வாடிக் கணக்கு, மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரின் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெரு தெருவாக ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாத தெருவுக்கு மட்டும் நேரில் போய் எண்ணினால் போதும்.

தெரு தெருவாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டெல்டா கிராமத்தில் ஊர் ஒரு பக்கம், காலனி வயலைத் தாண்டி இன்னொரு பக்கம். துணை நிலையம் பெரும்பாலும் ஊர்ப்பக்கம், ரோட்டோரம். வேதாரண்யம், தரங்கம்பாடி, பூம்புகார் கரையில் மீனவர் குப்பம் தனியாக இருக்கும். கொள்ளிடக் கரையில் படுகையில் குடியிருப்பவர்கள் உண்டு. கிராமம் முழுதுக்கும் 85 சதவீதம் என்ற எண்ணுக்குள், ஊரில் 95-உம் காலனியில் 60-உம் ஒளிந்திருக்கலாம். எண்ணும்போதே பிரித்து எண்ணாவிட்டால் பிறகு எந்தக் கணினியாலும் பிரித்துத் தர முடியாது.

அடுத்தது தாய்வீட்டுச் சிக்கல். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். பேராவூரணிப் பெண்ணை மன்னார்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருப்பார்கள். கர்ப்பம் பதிவானது மன்னார்குடிப் பக்கத்து நிலையத்தில். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறாள், பிரசவம் அங்கே. குழந்தையின் முதல் இரண்டு ஊசிகள் அங்கே, மூன்றாவது ஊசிக்குள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். இரண்டு நிலையமும் 'நம்ம கேஸ்' என்று எண்ணலாம், இரண்டுமே விட்டும்விடலாம். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் ஆர்.சி.எச். எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) எங்கே போனாலும் ஒன்றுதான். பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்பதால் அது இல்லாத தாய் அபூர்வம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: கவனிப்புக் கணக்கு பதிவான ஊருக்கு, வேலைப்பளுக் கணக்கு பிரசவம் பார்த்த நிலையத்துக்கு. இரண்டையும் கலந்தால் ஒரு நிலையம் 120 சதவீதமும் பக்கத்து நிலையம் 70 சதவீதமும் காட்டும். நூறைத் தாண்டிய எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். கீழ் எண் தப்பு என்று அது சொல்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு மனக்கணக்கு. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 13 பிறப்பு என்று வைத்துக்கொண்டால் 30,000 பேருக்கு 390 குழந்தைகள், மாதத்துக்கு 32 அல்லது 33. உங்கள் பதிவேட்டில் மாதம் 24 கர்ப்பிணிகள்தான் பதிவாகிறார்கள் என்றால், ஒன்று மக்கள்தொகை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு, அல்லது தனியார் மருத்துவமனைக்கு நேரே போகிறவர்களின் பதிவு தாமதமாகிறது. எது என்று கண்டுபிடித்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: எதை அளப்பது, எதை விடுவது

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2022-இல் ஆரம்ப சுகாதாரத்தை அளக்க ஒரு சட்டகம் வெளியிட்டன. அதில் 80-க்கும் மேற்பட்ட குறியீடுகள். நாடு முழுவதற்கும் அது சரி. ஒரு பி.எச்.சி.க்குப் பத்து, பன்னிரண்டு போதும். அதற்கு மேல் போனால் அளப்பதே வேலையாகிவிடும், நோயாளி காத்திருப்பார்.

தேர்வுக்கு, மருத்துவத் தரத்தை ஆராய்ந்த அவேடிஸ் டொனபீடியன் 1966-இல் போட்டுக்கொடுத்த மூன்று கட்டங்கள் இன்றும் உதவுகின்றன: கட்டமைப்பு, செயல்முறை, விளைவு. ஆள், மருந்து, கருவி இருக்கிறதா? செய்ய வேண்டியதைச் செய்தோமா? அதனால் நோயாளிக்கு என்ன ஆயிற்று? மூன்றிலிருந்தும் எடுங்கள். கட்டமைப்பை மட்டும் எண்ணுவதுதான் நம்மிடம் அதிகம், ஏனென்றால் அது சுலபம். கட்டில் நகராது, வந்து எண்ணிக்கொள்ளலாம்.

முதலில் விட வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவமனைப் பிரசவ விகிதம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதம். இதற்கு மேல் ஏற இடமில்லை. எல்லோரும் நூறு வாங்கும் பரீட்சையில் யார் நன்றாகப் படித்தார்கள் என்று தெரியாது. ஒரு காலத்தில் இது மிக முக்கியமான குறியீடு. அதன் வேலை முடிந்துவிட்டது.

தாய் இறப்பு விகிதம். இது முக்கியமில்லை என்று சொல்லவில்லை; உங்கள் அளவில் அது விகிதமாகாது. 2018-20-இல் தமிழ்நாட்டின் விகிதம் ஒரு லட்சம் பிறப்புக்கு 54. ஆண்டுக்கு 390 பிறப்புள்ள நிலையத்தில் அந்தக் கணக்குப்படி ஒரு மரணம் நடக்க ஐந்து ஆண்டுகள் ஆகும். இந்த வருடம் பூஜ்யம் என்பது உங்கள் திறமையும் அல்ல, அடுத்த வருடம் ஒன்று என்பது வீழ்ச்சியும் அல்ல. நடந்தால் அந்த ஒரு மரணத்தை அடி முதல் நுனி வரை ஆராய வேண்டும். எந்த மணிக்கு வலி வந்தது, 108 எப்போது வந்தது, எங்கே அனுப்பினார்கள் என்று.

புறநோயாளி எண்ணிக்கையை வேலைப்பளுவுக்காக வைத்துக்கொள்ளலாம், தரத்துக்கு அல்ல. டெங்கு வந்தால் அது ஏறும். டெங்குவைத் தடுத்தால் இறங்கும்.

இனி, டெல்டாவில் ஒரு நிலையத்துக்கு நான் வைக்கச் சொல்லும் குறியீடுகள்:

- 12 வாரத்துக்குள் பதிவான கர்ப்பிணிகள். வெறும் பதிவு எல்லோருக்கும் இருக்கும். எப்போது பதிவானது என்பதே விஷயம்.
- ரத்தசோகையோடு பதிவானவர்களில், பிரசவத்துக்குள் ஹீமோகுளோபின் ஏறியவர்கள். அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த எண்ணிக்கையை அளக்காதீர்கள். அது பரணில் இருக்கலாம்.
- பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி) முதல் தவணைக்கு வந்து மூன்றாவதற்கு வராத குழந்தைகள்.
- ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, சர்க்கரைக் கட்டுப்பாடு.
- காசநோய் கண்டறிந்த அன்றே உடல் எடை-உயரக் குறியீடு, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிறர் தாங்கிப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கப்பட்டவர்கள். 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இப்படிப் பார்த்துத்தான் மோசமானவர்களை உடனே உள்நோயாளியாக்கச் சொல்கிறது. அளந்த கையோடு முடிவெடுக்கும் குறியீட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.
- எட்டு முக்கிய மருந்துகள் இல்லாமல் போன நாட்கள்.
- பாம்புக்கடி: வாசலுக்கு வந்த நேரத்திலிருந்து விஷமுறிவு மருந்து ஏறிய நேரம் வரை எத்தனை நிமிடம்.
- மேல் மருத்துவமனைக்கு அனுப்பியவர்களில் போய்ச் சேர்ந்தவர்கள்.
- மருந்தோ பரிசோதனையோ வெளியே வாங்கச் சொல்லப்பட்டவர்கள், அதற்கு ஆன செலவு.

பாம்புக்கடியைப் பற்றி இரண்டு வார்த்தை. குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டில் பெரும்பகுதி ஈரத்தில் கால் வைக்கும் மண் இது. நடவிலும் அறுப்பிலும் கண்ணாடிவிரியன், நல்ல பாம்பு. ராத்திரி தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன். முதல் தவணைக்கே 8 முதல் 10 குப்பிகள் தேவை. ஆக, 'விஷமுறிவு மருந்து இருப்பு: உண்டு' என்று எழுதி மூன்று குப்பி வைத்திருந்தால் அது இருப்பே இல்லை. குறைந்தது பத்து இருந்தால்தான் 'உண்டு' என்று உங்கள் தாளில் விதி போடுங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது. அதனால் எண்ணிக்கை எப்படியும் போகும். நிமிடக் கணக்கை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். இருபது நிமிட ரத்த உறைதல் பரிசோதனைக்குச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் குழாயில் அந்தப் பரிசோதனை தப்பாகக் காட்டும்.

படி 3: ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்

ஒவ்வொரு குறியீட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி மேல் எண் எது, கீழ் எண் எது, எந்தப் பதிவேட்டில் இருந்து, யார் எடுப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எழுதுங்கள். மருத்துவர் மாறுதலாகிப் போவார். அடுத்து வருபவர் அதே முறையில் எண்ணினால்தான் போன வருடத்தோடு ஒப்பிட முடியும்.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம், இதில்தான் விளையாட்டு அதிகம். ஒரு கற்பனை நிலையம்: பதிவான நோயாளிகள் 2,400. இந்தக் காலாண்டில் வந்தவர்கள், அல்லது வீட்டில் அளக்கப்பட்டவர்கள் 1,200. அவர்களில் கடைசி அளவு 140/90-க்குக் கீழே இருந்தவர்கள் 900.

கட்டுப்பாடு எத்தனை சதவீதம்?

வந்தவர்களால் வகுத்தால் 75. பதிவானவர்களால் வகுத்தால் 37.5. ஊரில் இருக்க வேண்டியவர்களால் வகுத்தால்? பெரியவர்கள் 20,000 என்று குறைத்தே போட்டு, மூன்றில் ஒருவருக்கு என்று எடுத்தால் ஏறக்குறைய 6,600. அப்போது விடை 14-ஐ எட்டாது. மூன்றும் சரியான கணக்குகளே. முதலாவது மருத்துவரின் மருந்துச்சீட்டைப் பற்றிச் சொல்கிறது. இரண்டாவது நோயாளிகளைத் தக்கவைக்கும் திறனை. மூன்றாவது ஊரை. கூட்டத்தில் சொல்ல எல்லோருக்கும் பிடித்தது முதலாவது. நான் இரண்டாவதைத்தான் மாதாமாதம் பார்க்கச் சொல்வேன், மூன்றாவதை வருடத்துக்கு ஒருமுறை. முதலாவதை மட்டும் யாராவது காட்டினால், 'வராத 1,200 பேர் எங்கே' என்று கேளுங்கள்.

கீழ் எண்ணில் சேர்க்கக் கூடாதவர்கள்: மூன்று மாதத்துக்குள் பதிவானவர்கள், இறந்தவர்கள். ஊர் மாறியவர்களை, மாறிவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரியும்வரை விலக்காதீர்கள். 'இடம்பெயர்ந்தார்' என்ற கட்டம் சோம்பலுக்கு நல்ல மறைவிடம்.

தடுப்பூசி விடுபடுதல் சுலபம். முதல் தவணை 96 குழந்தைகள், மூன்றாவது 84 என்றால் 12 பேர் விடுபட்டார்கள். 96-ஆல் வகுத்தால் 12.5 சதவீதம். பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இதற்கு ஊரின் மக்கள்தொகையே தேவையில்லை என்பது ஒரு வசதி. கீழ் எண்ணே சந்தேகமாக இருக்கும் இடத்தில் நம்பகமாக நிற்கும் குறியீடு இது.

படி 4: பதிவேட்டை நம்பலாமா

அறிக்கையில் போன எண்ணை எடுத்துக்கொண்டு, மூலப் பதிவேட்டில் நீங்களே மறுபடி எண்ணுங்கள். அறிக்கையில் மூன்றாம் தவணை 32, பதிவேட்டில் 29 என்றால் 29-ஐ 32-ஆல் வகுக்க 91 சதவீதம். 90-க்கும் 110-க்கும் இடையில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வெளியே போனால் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் கள்ளம் இருக்காது. இருபத்தைந்தாம் தேதியே அறிக்கை கேட்டிருப்பார்கள், மீதி நாட்களை உத்தேசமாகப் போட்டிருப்பார்கள்.

அடுத்தது ரத்த அழுத்தப் பதிவேடு. ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து நிதானமாகப் பாருங்கள். 120/80. 130/80. 120/80. 130/90. 120/80. முப்பது வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. உண்மையான புறநோயாளிக் கூட்டத்தில் எழுதிய பக்கம் இப்படி இருக்காது. அதில் காபிக் கறை இருக்கும், 146/94 இருக்கும், பெயர் தப்பாக எழுதி அடித்திருக்கும். கடைசி இலக்கத்தை எண்ணிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. டிஜிட்டல் கருவியில் 0 முதல் 9 வரை எந்த இலக்கமும் வரலாம். சுழியத்தில் முடிவது பத்தில் ஒன்று இருக்க வேண்டும். பாதரசக் கருவியில் இரட்டைப்படை மட்டும் எழுதுவதால் ஐந்தில் ஒன்று. உங்கள் பக்கத்தில் பத்தில் எட்டு சுழியமாக இருந்தால் யாரோ உத்தேசமாக எழுதுகிறார்கள், அல்லது கருவி பழுதாகி வெகுநாள் ஆகிறது. முதலில் கருவியைக் கேளுங்கள், பிறகு ஆளைக் கேளுங்கள். பெரும்பாலும் பட்டை கிழிந்திருக்கும், இல்லை பேட்டரி தீர்ந்திருக்கும், சொன்னால் நம்மேலேயே விழும் என்று சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குறைந்த எண் காட்டிய செவிலியரைக் கூட்டத்தில் நிற்கவைத்து ஏசினால், அடுத்த மாதம் எண் உயரும். சேவை உயராது. மெமோ கொடுத்து வாங்கிய 95 சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மாதிரி நோட்டு சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

மருந்து இருப்பில் கணினியில் காட்டும் எண்ணையும் அலமாரியையும் ஒப்பிடுங்கள். அம்லோடிபின், மெட்ஃபார்மின், ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை, அமாக்சிசிலின், ஆக்ஸிடோசின், மெக்னீசியம் சல்பேட், விஷமுறிவு மருந்து ஆகிய எட்டும் போதும். 'இன்று இருக்கிறதா' என்பதோடு நிறுத்தாமல் 'இந்தக் காலாண்டில் எத்தனை நாள் இல்லை' என்று எழுதுங்கள். ஆய்வு நாளன்று எல்லாமே இருக்கும்.

படி 5: பத்தொன்பது வீடுகள்

பதிவேடு வந்தவரைப் பற்றித்தான் பேசும். வராதவரைப் பார்க்க வீட்டுக்குத்தான் போக வேண்டும். எல்லா வீட்டுக்கும் போக ஆள் கிடையாது. அதற்கு ஒரு சிக்கன வழி இருக்கிறது: ஒவ்வொரு துணை நிலையப் பகுதியிலும் 19 வீடுகள்.

தொழிற்சாலையில் சரக்கைச் சோதிக்கும் முறையிலிருந்து சுகாதாரத்துக்கு வந்தது இது. இலக்கு 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயது முடிந்து இரண்டு வயது ஆகாத குழந்தையுள்ள 19 தாய்மாரைத் தேர்ந்தெடுத்து, அட்டையைப் பார்த்து, ஊசிகள் முடிந்தவர்களை எண்ணுங்கள். 13 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தப் பகுதி இலக்கை எட்டியது என்று கொள்ளலாம். 12 அல்லது குறைவு என்றால் எட்டவில்லை. இலக்கு 70 என்றால் 11, 90 என்றால் 15. 80 சதவீதம் என்றால் பதினைந்து இருக்க வேண்டாமா என்று தோன்றும். சின்ன மாதிரியில் ஒன்றிரண்டு தற்செயலாகக் குறையும் என்பதற்கு இடம் விட்டு வைத்த எண் அது.

இந்த முறை எந்தத் துணை நிலையத்துக்கு முதலில் போக வேண்டும் என்று காட்டும். துல்லியமான சதவீதம் தராது. 14 வாங்கியவருக்கும் 17 வாங்கியவருக்கும் தரவரிசை போடாதீர்கள். ஆறு துணை நிலையமும் சேர்ந்தால் 114 வீடு. அதை வைத்து நிலையம் முழுதுக்கும் ஒரு உத்தேசச் சதவீதம் சொல்லலாம்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பாக இருங்கள். படி 1-இல் போட்ட பட்டியலிலிருந்து குலுக்கி எடுங்கள். பிள்ளையார் கோயிலில் இறங்கி, ரேஷன் கடை வரை போய்த் திரும்பினால் ஊர் நன்றாகத்தான் இருக்கும். குலுக்கலில் படுகை வீடு வந்தால் படுகைக்குப் போக வேண்டும். வீடு பூட்டியிருந்தால் சாயங்காலம் மறுபடி போக வேண்டும். பூட்டிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனால், பகலில் வேலைக்குப் போகிற குடும்பங்கள் மொத்தமாகக் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

'சேவை திருப்தியா' என்று கேட்காதீர்கள். யாரும் நர்சம்மாவை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது போனீங்க? எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தீங்க? மாத்திரை எத்தனை நாளைக்குக் கொடுத்தாங்க? வெளியே எதாவது வாங்கினீங்களா, எவ்வளவு ஆச்சு? அன்னிக்குக் கூலி போச்சா? கேட்பவர் அந்தப் பகுதிச் செவிலியராக இருக்கக் கூடாது. பக்கத்துப் பகுதிச் செவிலியரை மாற்றி அனுப்புங்கள்.

படி 6: மாதத்தையும் பட்டத்தையும் பிரித்துப் பாருங்கள்

ஒவ்வொரு குறியீட்டையும் மாதம் ஒரு புள்ளியாக வரைந்து, நடு மதிப்பில் ஒரு கோடு போடுங்கள். ஒரு மாதம் ஏறுவதும் இறங்குவதும் செய்தியல்ல. தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ உண்மையாகவே மாறியிருக்கிறது. ஐந்து புள்ளிகள் தொடர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ அதுவும் அப்படியே. இந்த இரண்டு விதியும் தெரிந்தால் மாதாந்திரக் கூட்டத்தில் பாதி வாக்குவாதம் மிச்சமாகும்.

டெல்டாவில் வேளாண் பட்டத்தையும் அதே தாளில் குறித்துவையுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை நடவு, சம்பா நடவு, வடகிழக்குப் பருவமழை, பொங்கலை ஒட்டிய அறுவடை, பிறகு உளுந்து பயறு எடுப்பு. நடவு மும்முரத்தில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளின் வருகை விழும். மழைக்குப் பிறகு காய்ச்சல் ஏறும்; அதில் எலிக்காய்ச்சலைத் தனியாகப் பாருங்கள், வெறும் 'காய்ச்சல்' என்று எழுதினால் அது மறைந்துவிடும். அக்டோபரைச் செப்டம்பரோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. போன வருடத்து அக்டோபரோடு ஒப்பிடுங்கள். மேட்டூர் தாமதமாகத் திறந்த வருடம் என்றால் அதுவும் தப்பும், ஏனென்றால் நடவே தள்ளிப்போயிருக்கும்.

படி 7: கூட்டத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள்

எல்லாக் குறியீடும் சுவரில் இருக்கட்டும். மாதக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்து, யார் விடுபட்டார்கள் என்று பெயர்ப்பட்டியலாகக் கொண்டுவாருங்கள். சதவீதத்தைப் பார்த்து யாரும் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட மாட்டார்கள். பெயரைப் பார்த்துத்தான் போவார்கள்.

பட்டியலோடு போனால் காரணம் தெரியும். சம்பா நடவு நேரத்தில் நீங்கள் கேட்கப்போவது பெரும்பாலும் இதுதான்:

"மாத்திரை தீந்து எத்தனை நாளாச்சும்மா?"

"அது ஆச்சு நர்சம்மா, பதினஞ்சு நாளு. விடிய நாலு மணிக்கு நாத்துப் பறிக்கப் போனா பொழுது சாயத்தான் வர்றேன். நடவு முடியட்டும், வந்துடறேன்."

"வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கிற பொண்ணு வரலியா?"

"வந்துச்சாம். பதினோரு மணிக்கு வந்தா வீட்டுல யாரு இருக்கா?"

இந்த அம்மாவைப் 'பின்தொடரப்படவில்லை' என்று கட்டத்தில் போட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. நிலையம் செய்யக்கூடியவை தெளிவாக இருக்கின்றன: நடவு தொடங்கும் முன்பே இரண்டு மாத மாத்திரை கொடுக்கலாம், தன்னார்வலரின் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றலாம், கங்காணியிடம் நடவு நடக்கும் வயலைக் கேட்டு வரப்பிலேயே அளக்கலாம். ஒன்றை மட்டும் செய்து, தேதியைக் குறித்து, அடுத்த மூன்று புள்ளிகளைப் பாருங்கள். மூன்றையும் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. ஆனால் மருந்தில்லாமல் இருப்பவரைக் காத்திருக்க வைத்து ஆராய்ச்சி செய்யவும் கூடாது. அவசரம் என்றால் மூன்றையும் செய்யுங்கள், ஆராய்ச்சி போகட்டும்.

மேல் மருத்துவமனைக்கு அனுப்பியவர்கள் தனிக் கதை. தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ சீட்டு எழுதிக் கொடுத்ததோடு நம் வேலை முடிவதில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு போன்: போனீங்களா, என்ன சொன்னாங்க, அவங்க எழுதிய மருந்து நம்மகிட்ட இருக்கா? அனுப்பிய இருபது பேருக்கு இப்படிப் போன் செய்து பாருங்கள். விடுபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படி 8: புயல் காலத்துக்குத் தனித் தாள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு, பல ஊர்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த மாதிரி நாட்களில் மாத அறிக்கை உதவாது. அக்டோபர் தொடங்கும் முன் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை சில: பிரசவத் தேதி நெருங்கும் கர்ப்பிணிகள் தெருவாரியாக, டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், காசநோய் மருந்து சாப்பிடுபவர்கள், ஆக்சிஜன் தேவைப்படுபவர்கள். கணினி இல்லாமல் வாசிக்க வேண்டும் என்பதால் காகிதத்தில், பிளாஸ்டிக் உறைக்குள்.

புயல் நாட்களில் தினமும் மூன்றே எண்கள் போதும். இந்தப் பட்டியலில் இன்று தொடர்புகொண்டவர்கள் எத்தனை பேர், தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா, ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு இரண்டு வாரம் வயிற்றுப்போக்கையும் எலிக்காய்ச்சலையும் தினக்கணக்காகப் பாருங்கள். அந்தக் காலாண்டின் மற்ற குறியீடுகள் விழத்தான் செய்யும். வரைபடத்தில் அந்தப் புள்ளிக்கு மேல் புயலின் பெயரை எழுதிவிட்டு மேலே போங்கள்.

படி 9: கிராம சபையில் வையுங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏதாவது இரண்டில் சுகாதார நிலையக் கணக்கை வைக்கலாம். நான்கு எண்ணுக்கு மேல் வேண்டாம்: பிரஷர் நோயாளிகள் நூறு பேரில் எத்தனை பேருக்குக் கட்டுக்குள், எத்தனை குழந்தைகளுக்கு ஊசி பாக்கி, எந்த மருந்து எத்தனை நாள் இல்லை, ராத்திரியில் செவிலியர் இல்லாத நாட்கள் எத்தனை. தெருவாரியாகச் சொல்லுங்கள், ஆனால் ஆளின் பெயர் வரக் கூடாது. காசநோய், எச்.ஐ.வி., திருமணமாகாத பெண்ணின் கர்ப்பம் இவற்றில் எண்ணிக்கைகூட வேண்டாம். சின்ன ஊரில் 'ஒருவர்' என்று சொன்னாலே யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கட்டடம் ஒழுகுகிறது, தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு இல்லாததால் ராத்திரி பிரசவத்துக்குப் போக முடியவில்லை என்பவை ஊராட்சி நிதியில் முடிகிற காரியங்கள். அவற்றை அங்கேயே தீர்மானமாக எழுதி வாங்கி, நகலை நிலையத்தில் ஒட்டிவையுங்கள். ஆள் பற்றாக்குறை, மருந்து ஒதுக்கீடு மாதிரி விஷயங்கள் மாவட்ட சுகாதார அலுவலரின் அலுவலகத்துக்குப் போக வேண்டியவை. அந்தக் கடிதத்தோடு உங்கள் ஆறுமாத வரைபடத்தையும் இணைத்து அனுப்புங்கள்.